கவனிக்காமல் விட்ட நாய் இறந்த பிறகு அழ உரிமை உண்டா?

வீட்டு நாய் இறந்து 11 நாள் ஆகிறது, இந்தத் துக்கத்திலிருந்து எப்படி வெளியே வருவது என்று கேட்டிருக்கிறீர்கள். 15 வயதில் நீங்கள் அடம்பிடித்து வாங்கிய குட்டி. முதல் ஒரு வருடம் உங்கள் காலடியிலேயே கிடந்தது. அப்புறம் படிப்பு, வேலை என்று நீங்கள் விலக விலக, மிச்சம் எட்டு வருடமும் வீட்டின் பின்பக்கம் சங்கிலியிலேயே கழிந்தது. கடைசி இரண்டு மாதம் மெலிந்துகொண்டே போனது, தண்ணீர் நிறையக் குடித்தது, உடம்பில் உண்ணியும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் காட்டலாம் என்று நாலைந்து ஞாயிறு தள்ளிப்போய், ஒரு நாள் காலையில் விறைத்துக் கிடந்தது. வீட்டில் எல்லாரும் "நாய்தானே, விடு" என்கிறார்கள். இரண்டு முறை படித்த பிறகு, வெளியே வரும் வழியை நீங்கள் உண்மையில் கேட்கவில்லை என்று பட்டது. நீங்கள் கேட்பது வேறு இரண்டு கேள்வி. நான்தான் அவனைக் கொன்றேனா? திரும்பிக்கூடப் பார்க்காத எனக்கு இப்போது அழ என்ன உரிமை இருக்கிறது? முதல் நான்கு வரியில் "அது" என்று எழுதிக்கொண்டே வந்தவர், செத்துக் கிடந்ததைச் சொல்லும் வரியில் "அவன்" என்று மாறிவிட்டீர்கள். அதனால் நானும் அவன் என்றே எழுதுகிறேன்.

நான் கால்நடை மருத்துவன். 22 வருடமாகப் பெரும்பாலும் நாய், பூனைகளைத்தான் பார்க்கிறேன். மனநலம் படித்தவனில்லை. ஆகவே நாயின் உடம்பைப் பற்றி நான் சொல்வதை ஒரு டாக்டர் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனதைப் பற்றிச் சொல்வதை, இப்படி அழுதவர்கள் பலரோடு உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். கடைசி ஒரு வாரத்தில் அவன் நடத்தை திடீரென்று மாறியதா? காரணமில்லாமல் கடிக்க வந்தானா, குரைக்கும் குரல் மாறியதா, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகியதா, தாடை தொங்கியதா? அந்தச் சமயத்தில் யாரையாவது கடித்தானா, கீறினானா, யாருடைய புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ அவன் எச்சில் பட்டதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு "ஆமாம்" என்றால், படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு இன்றைக்கே ஒரு டாக்டரைப் பாருங்கள். 11 நாள் ஆகிவிட்டதே, இனி என்ன என்று விடாதீர்கள். வெறிநோய்க் கிருமி மனிதர் உடம்புக்குள் போய் அறிகுறி காட்டப் பொதுவாக இரண்டு, மூன்று மாதம் ஆகும். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற முடிவது அநேகமாக இல்லை. அதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம். நீங்கள் எழுதிய விவரத்துக்கு வெறிநோய் பொருந்தவில்லை. அறிகுறி தொடங்கிய நாய் பெரும்பாலும் 10 நாளுக்குள் இறந்துவிடும், இரண்டு மாதம் மெலிந்துகொண்டே இருக்காது. இருந்தாலும் நேரில் பார்க்காத என் கணிப்பை நம்பி இந்த ஒரு விஷயத்தை விடக் கூடாது.

சரி, அவன் எதனால் இறந்திருப்பான்? பிரேதப் பரிசோதனை செய்யாமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. புதைத்து 11 நாள் ஆனபின் அதற்கும் வழியில்லை. ஆனால் 9 வயது, மெலிவு, அதிகத் தாகம், உண்ணி என்ற நாலு விவரத்தோடு யாராவது ஒரு நாயை என்னிடம் கொண்டுவந்தால் நான் முதலில் நினைப்பவை சில உண்டு. ஒன்று, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு. சிறுநீரகம் கடைசிவரை காட்டிக்கொடுக்காத உறுப்பு. அதன் வேலைத்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் நாய் தண்ணீர் அதிகம் குடிக்கத் தொடங்கும். கிட்டத்தட்ட 75 சதவீதம் போன பிறகுதான், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருப்பது தெரியும். தாகம் உங்கள் கண்ணில் பட்ட அன்றே, பெரும்பகுதி போயிருக்கலாம். அன்றைக்கே கூட்டி வந்திருந்தாலும் குணப்படுத்தியிருக்க முடியாது. சாப்பாட்டை மாற்றி, மருந்து கொடுத்து, குமட்டலைக் குறைத்துச் சில மாதங்களோ அதற்கு மேலோ சுகமாக வைத்திருக்கலாம். இன்னொன்று உண்ணிக் காய்ச்சல். நாய்மேல் ஏறும் பழுப்பு உண்ணி எர்லிக்கியா என்ற கிருமியைக் கொண்டுவரும். முதலில் சில வாரம் காய்ச்சல், சோர்வு. அப்புறம் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், ஒன்றுமே தெரியாது. கடைசிக் கட்டத்தில் எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதை நிறுத்தும். ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும், உடம்பு உருகும். தொடக்கத்தில் பிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுத்தே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். கடைசிக் கட்டத்தில் வந்தால் எங்கள் கையிலும் அதிகம் இருக்காது. சர்க்கரை நோயாகவும் இருந்திருக்கலாம், வெளியே தெரியாத புற்றுநோயாகவும் இருந்திருக்கலாம்.

இதிலிருந்து எனக்குத் தெரிவதை ஒளிக்காமல் சொல்கிறேன். கடைசி நாலைந்து ஞாயிறுகள் அவன் உயிரைத் தீர்மானித்திருக்குமா என்பது சந்தேகம். அவன் வேதனையை அவை குறைத்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. உண்ணியைத் தொடர்ந்து எடுத்திருந்தால், உண்ணிக் காய்ச்சல்தான் காரணமென்றால், அது வராமலே போயிருக்கலாம். "நீங்கள் என்ன செய்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்" என்று நான் எழுதினால் அது பொய். "நீங்கள்தான் கொன்றீர்கள்" என்று எழுதினால் அதுவும் பொய்தான்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், இதுவரை அதிகம் பேரிடம் சொன்னதில்லை. எங்களிடம் 11 வயதில் ஒரு பெண் நாய் இருந்தது. நான் இரவு ஒன்பது, பத்து மணிக்கு வீடு திரும்பும் காலம் அது. வாசல் படியோரம் அவளுடைய எவர்சில்வர் கிண்ணம் இருக்கும். காலையில் நிரப்பினால் நான் கிளம்பும்போது காலி, இரவு வந்து நிரப்பினால் படுக்கும்போது காலி. வெயிலுக்குக் குடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நடு இரவில் அவள் நக்கி நக்கிக் குடிக்கும் சத்தம் கேட்டு விழித்து, திரும்பிப் படுத்திருக்கிறேன். அதே விவரத்தை யாராவது என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொல்லியிருந்தால், ஐந்து நிமிடத்தில் ரத்தம் எடுத்திருப்பேன். என் வீட்டில் ஆறு வாரம் கிண்ணத்தை மட்டும் நிரப்பினேன். அவள் சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்த அன்றுதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு ஒன்பது நாள்தான் இருந்தாள். அந்தக் கிண்ணத்தை ரொம்ப நாள் என்னால் எடுத்துவைக்க முடியவில்லை.

அப்போது நான் செய்த தவறைத்தான் இப்போது நீங்களும் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இன்று தெரிந்ததை வைத்து அன்றைய ஒவ்வொரு நாளையும் விசாரிப்பது. முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதான் என்று மனித மனம் நம்பிவிடும். 1975-லேயே பாருக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் இதைச் சோதனை செய்து காட்டியிருக்கிறார். ஒரு சம்பவத்தின் முடிவைச் சொல்லிவிட்டால், "இது இப்படித்தான் முடியும் என்று எனக்கு முதலிலேயே தோன்றியிருக்கும்" என்று ஆட்கள் நினைக்கிறார்கள். மெலிவும் தாகமும் இன்றைக்கு உங்களுக்குச் சாவின் அறிகுறி. அன்றைக்கு உங்களுக்கு அது "கொஞ்சம் இளைத்திருக்கிறான்" மட்டுமே. நோய் விஷயத்தில் உங்களை நீங்கள் மன்னிக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சங்கிலி விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே தெரியாது என்பதற்கு இடமில்லை. எட்டு வருடம் கட்டிக் கிடந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். கழுத்துப்பட்டை உரசி உரசி மயிர் உதிர்ந்து, கருத்த தோல் ஒரு வளையமாகத் தெரியும். கடினத் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் தோல் காய்த்திருக்கும். சங்கிலியின் நீளத்துக்குத் தரையில் புல் முளைக்காமல் ஒரு வட்டம் விழுந்திருக்கும். நாய் கூட்டத்தோடு வாழப் பிறந்தது. அதற்கு மனிதர்களே கூட்டம். அந்தக் கூட்டம் பத்தடி தூரத்தில் கதவுக்குப் பின்னால் பேசிச் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்க, வருடக்கணக்கில் தனியாக இருப்பது அதற்குத் துன்பம்தான். இதைச் சொல்லும்போது உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். ஆனால் உங்களுக்கே தெரிந்த ஒன்றை நான் இல்லை என்று சொன்னால், அப்புறம் நான் சொல்லும் வேறு எதையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். உங்களைத் தேற்ற வந்தவர்களின் பேச்சு உங்களிடம் எடுபடாததற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

அதோடு இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். குட்டி வாங்கும்போது உங்களுக்கு வயது 15. ஒரு நாயை 10, 12 வருடம் வளர்ப்பது என்றால் என்னவென்று 15 வயதில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள், வாங்கிக் கொடுத்த பெரியவர்கள். சங்கிலி உங்கள் கையில் மட்டும் இருக்கவில்லை. இதை வைத்து அவர்களோடு சண்டை போடச் சொல்லவில்லை. முழு வீட்டின் பாரத்தையும் ஒருவரே சுமந்துகொண்டு நிற்கிறீர்கள் என்பதைத்தான் சொல்கிறேன். உங்களுடைய பங்கு எவ்வளவோ, அவ்வளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து, அளவு தெரிந்த குற்ற உணர்வோடு மனிதர் வாழ்ந்துவிடுகிறார்கள். அளவே தெரியாததுதான் தூங்க விடுவதில்லை.

முந்தின இரவு அவன் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தான், "ஏன் இப்படி விட்டாய்" என்று கேட்பதுபோல இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பார்வைதான் உங்களை அரிக்கிறது என்று நினைக்கிறேன். நாயின் முகத்தில் நாம் படிப்பதெல்லாம் அங்கே இருப்பதில்லை. தப்பு செய்துவிட்டு நாய் முழிக்கும் "குற்றப் பார்வை"யை அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-ல் சோதித்தார். தப்பே செய்யாத நாயும், திட்டு விழுந்தால் அதே பார்வையைத்தான் காட்டியது. நாயின் குற்ற உணர்வென்று நாம் நினைத்தது, நம் கோபத்துக்கு அது காட்டிய பதில். உங்கள் விஷயத்திலும், பலவீனமான நாய் ஒன்று, தனக்குத் தெரிந்த மனிதர் வந்து நின்றதும் பார்த்தது என்பதற்கு மேல் அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்ல எனக்குத் தெரிந்த அறிவியலில் இடமில்லை. கேள்வி கேட்டது உங்கள் மனசாட்சி.

அவனுக்கு வலியும் பயமும் தனிமையும் தெரியும். அது உறுதி. தனக்கு அநியாயம் நடந்தது, நடத்தியவர் இன்னார் என்று வருடக்கணக்கில் கணக்கு வைத்திருந்தான் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் "அவன் உங்களை மன்னித்திருப்பான்" என்றும் சொல்லத் தயங்குகிறேன். மன்னிக்க வேண்டுமென்றால் முதலில் பகை இருந்திருக்க வேண்டும். நீங்கள் வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டால் வாலால் தரையைத் தட்டுவான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் நம்புகிறேன். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களை அசையாமல் ஸ்கேன் கருவிக்குள் படுக்கப் பழக்கி, பல வாசனைகளை முகரவைத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த முடிவில், நல்லதை எதிர்பார்க்கும்போது விழித்துக்கொள்ளும் மூளைப்பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக விழித்தது. வெறும் 12 நாய், அதை வைத்து எல்லா நாயையும் அளக்கக் கூடாது. ஆனால் என் மேஜைமேல் தினம் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. சரியாகக் கவனிக்கப்படாத நாய்கூட, வீட்டு ஆள் அறைக்குள் நுழைந்ததும் படுத்த இடத்திலிருந்தே வாலைத் தட்டும். இது உங்களுக்கு ஆறுதலா, கூடுதல் வலியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உண்மை என்பதால் சொல்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அழுவதற்கு உரிமை வேண்டியதில்லை. ஊரும் வீடும் ஒப்புக்கொள்ளாத துக்கத்துக்கென்றே கென்னத் டோகா என்பவர் 1989-ல் ஒரு பெயர் வைத்தார், அங்கீகரிக்கப்படாத துக்கம் என்று. வெளியே அழ முடியாததால் அது உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். வளர்ப்பு நாயின் சாவு அதற்கு நேர் உதாரணம். உங்களுக்கோ அந்த அங்கீகாரத்தை வீட்டாரும் தரவில்லை, நீங்களும் உங்களுக்குத் தரவில்லை. நான் பார்த்தவரை, நாயை நன்றாக வைத்திருந்தவர்கள் உடைந்து அழுது, கொஞ்ச நாளில் அதன் சேட்டைகளைச் சொல்லிச் சிரிக்கவும் தொடங்கிவிடுகிறார்கள். கவனிக்காமல் விட்டவர்களுக்குத்தான் வருடக்கணக்கில் நெஞ்சில் நிற்கிறது. நாயோடு சேர்த்து, சரிசெய்துகொள்ளலாம் என்று வைத்திருந்த நாட்களையும் அவர்கள் இழந்துவிடுகிறார்கள்.

நாய்க்காக அழுவது பைத்தியக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காசெல்லில் 1914-ல் ஒரு புதைகுழி கிடைத்தது. ஏறக்குறைய 14,000 வருடப் பழசு. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஏழு மாதக் குட்டி நாய். அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அது நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் வாரக்கணக்கில் கிடந்திருக்கும், யாரோ பராமரிக்காமல் அவ்வளவு நாள் தாங்கியிருக்காது என்று கருதுகிறார்கள். பல்லை வைத்துச் சொல்லும் அனுமானம்தான். ஆனால் அந்த நோயோடு இரவு முழுக்கப் போராடியவன் என்ற முறையில் எனக்கு அது நம்பக்கூடியதாகவே இருக்கிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன். ஒரு தாளில் எழுதுங்கள். எனக்குத் தெரிந்திருந்தும் செய்யாதது எது, தெரியாமல் விட்டது எது, என் கையிலேயே இல்லாதது எது என்று தனித்தனியாக. முதலாவதின் கீழ் வருவது மட்டும்தான் உங்களுடையது. அதைப் படித்துவிட்டு, அவனைப் புதைத்த இடத்தில் போய் வாய்விட்டு மன்னிப்புக் கேளுங்கள். அவனுக்குக் கேட்கும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் காதுக்கு அது கேட்க வேண்டும். அப்புறம், "நாய்தானே" என்றும் சொல்லாத, "உன் தப்பே இல்லை" என்றும் அவசரப்படாத ஒரு ஆளிடம் முழுவதையும் ஒருமுறை சொல்லுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஓடிப்போய்விட்டது, தூங்குகிறது என்றெல்லாம் சொல்லாதீர்கள். செத்துவிட்டான், இனி வரமாட்டான், நாம் இன்னும் நன்றாகப் பார்த்திருக்கலாம் என்று நேராகவே சொல்லுங்கள். தூங்குகிறது என்று கேட்ட குழந்தை, பிறகு தூங்கவே பயந்த கதையை என்னிடம் சொன்ன பெற்றோர் உண்டு.

ஒன்றை மட்டும் இப்போது செய்ய வேண்டாம். பரிகாரம்போல உடனே ஒரு குட்டியை வாங்கிவராதீர்கள். வீட்டில் எதுவும் மாறாமல் குட்டி மட்டும் வந்தால், ஒரு வருடம் கழித்து அது எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தினம் இரண்டு வேளை அதைக் கூட்டிக்கொண்டு நடக்க, உண்ணி பார்க்க, வருடத்துக்கு ஒருமுறை ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போக, உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று முதலில் ஆறு மாதம் பாருங்கள். அதுவரை ஏற்கனவே இருக்கும் நாய்களுக்குச் செய்யலாம். அக்கம்பக்கத்தில் கட்டிக் கிடக்கும் நாயை, வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, சாயங்காலம் அரை மணி நேரம் நடக்கக் கூட்டிப்போகலாம். காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி ஒளிந்திருக்கும், அங்கே பாருங்கள். கையால் நசுக்காதீர்கள். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

இரண்டு, மூன்று வாரம் கழித்தும் தூக்கம் வரவில்லை, சாப்பிட முடியவில்லை, வேலையில் கை ஓடவில்லை என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். நாயின் சாவு சில சமயம் பழைய வேறொரு இழப்பைக் கிளறிவிடும். அதைப் பிரித்துப் பார்க்க என்னால் முடியாது, அவர்களால் முடியும்.

இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், அவன் நிறம்கூட வந்திருக்கிறது, பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. எழுத வரவில்லை என்று நினைக்கிறேன். முடிகிற அன்றைக்கு எழுதுங்கள், அவனுக்கு என்ன பெயர் வைத்திருந்தீர்கள்?